வேப்பந்தழை கட்டிய கதவு

வாசற்படியில் இளநீர்க் காய்கள் வரிசையாக இருந்தன. யாரோ மேல்பக்கத்தைச் சீவி, குடிக்கத் தோதாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றின் மேல் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூடி போட்ட தூக்குப்போசியில் மோர். அதற்கும் பக்கத்தில் இலையில் சுற்றிய நுங்கு. நிலைக்கு மேலே ஒரு கொத்து வேப்பந்தழை, முந்தின நாள் காலையில் ஒடித்தது, வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

அது என் அண்ணன் வீட்டு வாசல். மோகனூரில் என் தையல் கடையிலிருந்து மினி பஸ்ஸில் போனால் கரும்புக் காட்டுக்கு நடுவே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடை. சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நங்கையாவுக்கு மாற்றுச் சேலை எடுக்க அன்றைக்கு வந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவோம். பெயர் பழனியம்மாள். ஆனால் இந்தத் தொடரில் இதற்கு முன்பு எங்கெல்லாம் அவளைப் பற்றி எழுதினேனோ, அங்கெல்லாம் நங்கையா என்றே எழுதியிருக்கிறேன். இனி மாற்ற வராது.

அந்த இளநீரை யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. அத்தனையும் பிரியத்தில் வைத்தது. அதனால்தான் எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்றைக் காலால் எத்தினேன். அது உருண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் திரும்பும் இடத்தில், வாழை மரத்தடியில் போய் நின்றது.

ஆத்தூரிலிருந்து ஒரு போன்

போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி பேசினார். அரிசி மில்லில் கணக்கு பார்ப்பவராம். "அம்மா, நாள் பூரா ஜாக்கெட் தைக்கிறேன்னு எழுதுறீங்க. அப்போ இதையெல்லாம் எப்பம்மா எழுதுறீங்க? எனக்கும் எழுதணும்னு ஆசைதான். உக்காந்தாலே யாராச்சும் கூப்புடுறாங்க" என்றார்.

"கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதறேன்" என்று சொன்னேன். சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையும் அதுதான். மத்தியானம் பாதி ஷட்டர் இறங்கியிருந்தால் ஆள் சாப்பிடுகிறாள் என்று அர்த்தம். அப்படியும் சில பேர் குனிந்து தலையை உள்ளே விட்டு, "கொக்கி வெச்சாச்சுங்களா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கொக்கியை மாற்றித் தைத்துவிடலாமா என்று வரும். தைத்ததில்லை.

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி. அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நங்கையாவின் மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் போனில் வீடியோ அனுப்புவாள். ஒரு பெண் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, கண்ணின் மேல் வெள்ளரிக்காய்த் துண்டு வைத்துக்கொண்டு சாய்ந்திருப்பாள். உன்னை நீ கவனித்துக்கொள், அப்போதுதான் உனக்குள் இருக்கும் கலை வளரும் என்று பின்னால் ஒரு குரல் சொல்லும். செல்ஃப் கேராம். கண்ணில் வெள்ளரிக்காயோடு எங்கள் ஊரில் படுத்தால் கோழி வந்து கொத்திவிட்டுப் போகும் என்று நான் கேலி செய்வேன்.

நங்கையா கேலி செய்ய மாட்டாள். அந்த வீடியோவை முழுக்கப் பார்ப்பாள். "அந்தப் புள்ளைய பாத்தியா அம்மிணி? ஒருத்தரும் கூப்புடவே இல்ல பாரு" என்பாள்.

பாட்டுக் கட்டுகிறவள்

நங்கையா கும்மிப் பாட்டுக் கட்டுவாள். இப்போது எங்கள் பக்கத்தில் கும்மிக்கு நல்ல காலம். கல்யாணத்துக்குக் கும்மி, கோயில் நோம்பி, அதாவது திருவிழா, வந்தால் கும்மி, கட்சிக்காரர் வந்தால் கும்மி. ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு, நெற்றி வேர்க்க வட்டம் சுற்றி ஆடுகிறார்கள். அண்ணன் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு ஜாக்கெட் முழுக்க என் கடைத் தையல்தான். பாட்டு முழுக்க நங்கையா.

பழைய பாட்டையே பாடுகிற குழுக்கள் நிறைய இருக்கின்றன. நங்கையா பாட்டில் மினி பஸ் வரும், பால் சொசைட்டி வரும், ரேஷன் கடைக் கைரேகை மிஷின் வரும்.

மினி பஸ்ஸு வந்து நிக்குதடி – நம்ம
மேட்டுக் கடையோரம் நிக்குதடி
ஏறிப் போறவ ஆரடியோ – அவ
எறங்கி வர்ற ஊர் ஏதடியோ

இதைப் பாடும்போது துள்ளலாகத்தான் இருக்கும். கை தட்டத் தோன்றும். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கடைசி அடி நெஞ்சில் உட்காரும்.

என் அண்ணன் போர் போடும் ரிக் லாரி டிரைவர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். அவனுக்காக ஒரு பாட்டுக் கட்டினாள்.

ஆயிரம் அடி தோண்டித் தேடுறியே – மாமா
அடுப்படியில் ஊத்து இருக்குதையா

கோயில் வாசலில் இதைப் பாடியபோது அண்ணன் கூட்டத்தில் நின்றிருந்தான். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி டீக்கடைப் பக்கம் நழுவினான். அன்றைக்கு நங்கையாவின் முகத்தில் இருந்த மினுமினுப்பை நான் எந்தக் கல்யாணப் பெண்ணிடமும் பார்த்ததில்லை.

நங்கையா எதையும் எழுதி வைக்க மாட்டாள். எல்லாம் தலைக்குள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு அடி வரும், களை பிடுங்கும்போது இன்னொன்று வரும். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். வந்தது போய்விடும்.

"போன அடி போனதுதான் அம்மிணி. கோழியாட்டத் தொரத்திப் புடிச்சுக் கூடையில போட்டு அமுக்க முடியாது" என்பாள்.

பாட்டுக்குப் பேர் வர வர அவளைத் தேடி வருகிற ஆட்களும் கூடினார்கள். என் பேத்தி சடங்குக்கு ஒரு பாட்டு, எங்கள் ஊர் நோம்பிக்கு ஒரு பாட்டு. வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டும், மோர் கரைக்க வேண்டும், ஊர்க்கதை கேட்க வேண்டும். பாட்டுக் கேட்டு வந்தவர்களே அவளைப் பாட்டுக் கட்டவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கதவைச் சாத்திக்கொள்வதுதானே என்று ஆத்தூர் வாசகி கேட்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் பகலில் கதவைச் சாத்துவது கிடையாது. பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, அல்லது அதைவிடக் கேடான ஏதோ ஒன்று என்று பேசிக்கொள்வார்கள். சாத்திய கதவை நல்ல மனசோடு தட்டி, "என்னாச்சுங்க? ஏன் சாத்தியிருக்குது?" என்று ஊரே கேட்கும். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் யாரும் தட்ட மாட்டார்கள்.

அம்மை கண்ட வீடு

வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் நிலையில் வேப்பந்தழை கட்டுவோம். மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. அங்கே எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது, தலைக்குத் தேய்க்கும் அரப்பு கூடாது, அதட்டிப் பேசக் கூடாது. படுத்திருப்பவளை வேலை செய்யச் சொல்லக் கூடாது. வாசற்படியில் இளநீரை வைத்துவிட்டு, கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முந்தி ஒரு கோடையில், குழுவுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். நிலையில் தழை தொங்கியது. பதறிவிட்டேன். இந்த வயதில் அம்மை கண்டால் உடம்பு தாங்காதே. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால் பயம் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முதலில் வந்தது அரப்பு வாசம்.

நங்கையா நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் தலையை விரித்துப் போட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஆவி பறக்கும் காப்பி. உடம்பில் ஒரு முத்துக்கூட இல்லை. எனக்குத் தெரிந்து அவள் காப்பியைச் சூடாகக் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அய்யோ அம்மிணி, நீ ஏன் உள்ள வந்தே?"

"ஆத்தா எங்கீங்க நங்கையா?"

"ஆத்தா வரலீன்னுதான் தழை கட்டியிருக்கறன். அவ வந்து படுக்கப் போட்டுட்டா அப்பறம் நான் எங்க பாட்டுக் கட்டறது?"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "சாமி குத்தம் ஆயிராதுங்களா?"

"அவளும் பொம்பளைதான? சொல்லிப்போட்டுத்தான் கட்டினேன். ரெண்டு நாளைக்கு உன்ற பேரச் சொல்லிக்கறேன், பொறுத்துக்க சாமின்னு. அவளுக்குத் தெரியாதா, ஒரு பொம்பளைய எத்தன பேரு கூப்புடுவாங்கன்னு?"

அந்த நாட்களில் அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். நினைத்த நேரத்துக்குச் சாப்பிடுவாள். மத்தியானம் தூங்குவாள். எழுந்து காலை நீட்டி உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுவாள். போன அடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருமாம். "நல்லாத் தூங்கி எந்திரிச்சா, மறந்துபோனதெல்லாம் வாசல்ல வந்து நிக்குது அம்மிணி. கூப்புடவே வேண்டீதில்ல" என்றாள்.

வெள்ளரிக்காய் வீடியோ சொன்னதும் இதைத்தான். அந்தப் பெண்ணுக்கு மெழுகுவத்தி போதும். நங்கையாவுக்கு மாரியாத்தாவே வந்து காவல் நிற்க வேண்டியிருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் சொல்லவில்லை.

ஊரின் நம்பிக்கை

வருஷத்துக்கு ஒரு தடவை என்று இருந்தது, போகப் போக நோம்பிக்கு ஒரு தடவை, கல்யாண சீசனுக்கு ஒரு தடவை என்று ஆனது. ஒரு முறை முத்து போட்டிருக்கிறது என்பாள். ஒரு முறை தட்டம்மை. ஒரு முறை பொன்னுக்கு வீங்கி என்று கன்னத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வாசல்வரை வந்து காட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கோபமே வந்தது. "கொஞ்சமாச்சும் நம்பற மாதிரி சொல்லுங்க நங்கையா" என்றேன்.

ஆனால் யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆத்தாவுக்குப் பழனியம்மா மேல் தனிப் பிரியம், வந்துவிட்டுப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்றார்கள். நிலையில் தழையைப் பார்த்தால் கும்மிக்காரப் பெண்கள் ஒருவருக்கொருவர் சாடை காட்டிக்கொள்வார்கள். "தழை கட்டியாச்சு. புதுப் பாட்டு வருது."

பக்கத்துத் தோட்டத்துச் செல்விதான் இதில் முன்னால் நிற்பாள். நங்கையாவைவிட இளையவள், குழுவில் நன்றாக ஆடுகிறவள். தழை கட்டின நாட்களில் நங்கையாவின் மாட்டையும் அவளே கறந்துவிடுவாள். அந்தப் பக்கம் சத்தமாகப் பாட்டுப் போட்டால் போய் அதட்டி நிறுத்துவாள். ஆத்தா இருக்கிற இடமாம்.

அந்தச் சித்திரை

நோம்பி தொடங்கக் கோயிலில் பூச்சாட்ட இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வெயில் தாங்கவில்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நான் ஆத்தூருக்குப் போயிருந்தேன். நங்கையா போன் செய்தாள்.

"நோம்பிக்குப் புதுசாப் பாட்டு வேணும்னு நிக்கறாளுங்க அம்மிணி. நாளைக்குத் தழை கட்டப் போறன். ஒரு நல்ல அடி வந்துட்டு வந்துட்டுப் போகுது. இந்தத் தடவ புடிச்சுருவன். நீ பாட்டுக்கு வந்து கதவத் தொறந்து தொலைக்காத."

"சரி, வாரதில்ல போங்க" என்றேன்.

அவள் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

மறுநாள் காலையில் வேப்பந்தழையை ஒடித்துக் கட்டியிருக்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் முன்பு, சமையலறைக்கும் முன்கூடமான ஆசாரத்துக்கும் நடுவே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நினைவு இருந்தது. வாய் மட்டும் வரவில்லை.

அன்றைக்குப் பகல் முழுக்க அவள் அங்கேயே கிடந்தாள். அந்த நேரத்தில்தான் ஒவ்வொருவராக வந்து இளநீர் வைத்திருக்கிறார்கள், மோர் வைத்திருக்கிறார்கள், நுங்கு வைத்திருக்கிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்

நான் முதல் பஸ்ஸில் சேலம் போய்ச் சேர்ந்தபோது செல்வி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் உடுத்திய சேலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளும் அவள் வீட்டுக்காரரும்தான் பால் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் கையும் பேச்சும் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நான் கேட்டனுங்க்கா" என்றாள் செல்வி. "மோர் வெக்கப் போனப்ப உள்ள மொனகற மாதிரி சத்தங் கேட்டுதுங்க. இழுத்து இழுத்து. அக்கா ராகம் புடிக்கறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. சத்தம் போடாதீங்க, பாட்டு வருதுன்னு வாரவங்களையெல்லாம் நாந்தானுங்க அனுப்பிச்சு உட்டேன்."

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. தழை கட்டிய வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்களே. இவள் எப்படிப் போனாள்?

"அப்பறம் எப்படிக் கதவத் தொறந்தே?"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"சாயங்காலம் பொழுதோட மாடு கறக்கப் போனனுங்க. வாழை மரத்தடி காஞ்சு கெடந்துச்சு. அக்கா குளிச்ச அரப்புத் தண்ணி வரலீங்க்கா. தழை கட்டற அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அரப்புத் தண்ணி வாழைக்கு வந்துருமுங்க. பச்சையா நொரை நிக்கும். அது வரலீன்னதும் பால் போசிய அங்கயே போட்டுட்டனுங்க. ஓடிப்போய்த் தொறந்துட்டன்."

நான் அவளையே பார்த்தேன். அம்மை கண்ட வீட்டில் ஏது அரப்புத் தண்ணீர்?

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்களா? எண்ண வாசம் இட்டேரித் தடம் வரைக்கும் வருமே. காப்பி வாசம் வேற."

"உனக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்குந் தானுங்க்கா. அக்கா நல்லாத்தான் இருக்காங்கன்னு தெரியும். சித்த நேரம் தனியா இருக்கட்டும், பாவம்னுதான் ஒருத்தரும் உள்ள போறதில்ல. நாங்களே பேசி வெச்சுக்கிட்டதுங்க."

அந்த வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஊர் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அம்மை என்று நம்பியிருந்தால்கூட யாராவது ஒருத்தி பயந்துபோய், நாட்டு வைத்தியரையோ நர்ஸையோ கூப்பிட்டிருப்பாள். நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததால்தான் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் அவள் மேல் அவ்வளவு பிரியம். சாத்திக்கொள்கிறேன் என்று அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாத்திக்கொள் என்று அவர்களும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணனின் கேள்வி

அண்ணன் ரிக்கை விட்டுவிட்டு ரயில் ஏறி வந்து சேர்ந்தான். மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அவள் எனக்கு அந்த மாதிரி வீடியோ எதுவும் அனுப்பியதில்லை.

அண்ணனுக்கு நான்தான் தழை விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"கதவச் சாத்திக்கறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டே. ஏன்னு கேட்டிருப்பே" என்றேன்.

அவனைக் குத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் யாரிடமும் பதில் கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் சரி. சாமி வந்திருக்கிறது என்றால் சரி. சும்மா காலை நீட்டி உட்கார்ந்து தாளம் தட்டப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

மாற்றுச் சேலை எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜ் மேல் அவளுடைய பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. தழை கட்டும் நாட்களில் மட்டும் அவள் தன்னைக் கவனித்துக்கொண்டாள். மற்ற நாளெல்லாம் மாட்டைக் கவனித்தாள், காட்டைக் கவனித்தாள், வந்தவர்களைக் கவனித்தாள். வெளியே வந்துதான் அந்த இளநீரை எத்தினேன்.

திறந்தே கிடக்கும் கதவு

அந்த நோம்பி புதுப் பாட்டு இல்லாமல் நடந்தது. பிறகு இன்னொரு நோம்பியும் வந்து போனது. நங்கையா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறாள். வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சு வரவில்லை. "ம்" வரும், "இல்ல" வரும். தண்ணீர் வேண்டும் என்றால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள்.

ஆனால் ஒன்று உண்டு. ஒரு நாள் செல்வி அவள் முன்னால் உட்கார்ந்து சும்மா கை தட்டி, "ஆயிரம் அடி தோண்டித் தேடுறியே" என்று எடுத்திருக்கிறாள். நங்கையா வாயிலிருந்து அடுத்த அடி பிசிறில்லாமல் வந்திருக்கிறது. "அடுப்படியில் ஊத்து இருக்குதையா." அண்ணன் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடி வந்தானாம். பேச முடியாதவர்கள் சில பேர் பாடுவார்கள், அது வேறு பக்கத்து மூளை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. கட்டி முடித்த பாட்டெல்லாம் அவளுக்குள் பத்திரமாக இருக்கிறது. புதிதாக ஓரடி கட்டத்தான் வரவில்லை. பாடி முடித்ததும் அவள் அழுவாள். அதனால் யாரும் அடிக்கடி பாடச் சொல்வதில்லை.

கதவு இப்போது எப்போதும் திறந்தே இருக்கிறது. அண்ணன் அதைச் சாத்தவே விடுவதில்லை. தாழ்ப்பாளையே கழற்றிவிட்டான். நாள் முழுக்க யாராவது வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு எட்டிப் பார்க்காமல் விட்ட பாவத்தைத் தீர்ப்பது போல வருகிறார்கள். அந்த எண்ணெயைத் தேய், இந்தக் கோயிலுக்குப் போ என்கிறார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

போன ஞாயிறு நான் போயிருந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. வெயில் ஏறும் முன்பே அவளுக்கு எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டுத் தண்ணீர் வார்த்தேன். உடம்பு இளைத்துவிட்டது. முடி கொட்டிவிட்டது. காப்பியைச் சூடாகக் கொடுத்தேன், இடது கையால் பிடித்துக் குடித்தாள். அதற்குள் வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நங்கையா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இடது கையால் கதவைக் காட்டினாள். யார் வந்தது என்று கேட்கிறாளோ என்று நினைத்தேன். "இல்ல" என்றாள். மறுபடி கதவைக் காட்டி, கையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

சாத்து.

அந்தக் கதவு சாத்தியிருந்த ஒரு பகலை நினைத்தால் இன்னமும் என்னால் சோறு விழுங்க முடியாது. "நான் உள்ளயே சத்தம் போடாம இருந்துக்கறனுங்க நங்கையா" என்றேன். "இல்ல" என்றாள், கொஞ்சம் கோபமாக.

வந்தவர்களை எழுப்பினேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு எடுத்துப் போட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்துவதைப் பார்த்துவிட்டு, வாழை மரத்துப் பக்கத்திலிருந்து செல்வி ஓடி வந்தாள். அவள் கால் பட்ட இடத்தில் அரப்பு நுரை.

"தழை ஒடிச்சுட்டு வரட்டுங்களாக்கா?"

"வேண்டாம்" என்றேன். "சும்மாவே சாத்தியிருக்கட்டும்."

அதற்குப் பிறகு மினி பஸ்ஸில் இறங்கி ஒரு கூட்டம் வந்தது. தூரத்துச் சொந்தம், உடம்பு விசாரிக்க வந்தவர்கள். "ஏனுங்க அம்மிணி, பகல்ல கதவு சாத்தியிருக்குது? எதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணும் ஆகலீங்க. உள்ள பாட்டுக் கட்டறாங்க. பொழுதோட வாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், இவளுக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

உள்ளே தாளம் கேட்டது. இடது கையால் இடது தொடையில் தட்டுகிற சத்தம். கொஞ்சம் தட்டுவாள், நிற்கும். மறுபடி தட்டுவாள். நான் நாற்காலியைக் கதவுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். பிறகு தாளம் நின்றுவிட்டது. மறுபடி வரும் என்று இருந்தேன். வரவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. "நங்கையா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளித் திறந்தேன்.

நங்கையா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இடது கை தொடைக்கு மேலே பாதியில் நின்றிருந்தது. உதடு ஏதோ ஒன்றைத் தேடி அசைந்துகொண்டிருந்தது. கதவுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். உதடு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

எனக்குத் தெரிந்த முறைப்புதான் அது. வந்த அடி போய்விட்டது என்கிற கோபம். நடுவே வந்து தொலைத்தவளைத் திட்ட அவளிடம் இப்போது வார்த்தை மட்டும்தான் இல்லை.

"மன்னிச்சுக்குங்க நங்கையா" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் மறுபடி கேட்டது.